“வீட்ல சொல்லிடுவேன்!” - இந்த மிரட்டல் பலிக்கக் கூடாது

2019 பிப்ரவரியில் பொள்ளாச்சியைச் சேர்ந்த 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். தெரிந்தவன்தானே என்று நம்பிப் பேசப் போனவரைக் காரில் ஏற்றி, நான்கு பேராகச் சேர்ந்து அத்துமீறினார்கள். அதை வீடியோ எடுத்தார்கள். கழுத்தில் கிடந்த சங்கிலியையும் பறித்துக்கொண்டார்கள். அதோடு விடவில்லை. வீடியோவைக் காட்டி மிரட்டினார்கள். அந்தப் பெண் வீட்டில் சொன்னார். வீடு அவர் பக்கம் நின்றது. அந்த ஒரு புகாரின் நுனியைப் பிடித்து இழுத்தபோதுதான், அந்தக் கும்பல் சில ஆண்டுகளாகவே பல பெண்களை இப்படிச் சீரழித்து வந்தது வெளியே வந்தது.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் அந்தக் கும்பலைச் சேர்ந்த ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை.

அத்தனை காலமும் அந்தக் கும்பல் எதை நம்பி ஆட்டம் போட்டது? இந்தப் பெண்கள் வீட்டில் வாய் திறக்க மாட்டார்கள் என்பதைத்தான்.

2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்ததிலும் இதே நூல் ஓடுகிறது. நண்பருடன் இருந்த மாணவியை ஒருவன் செல்போனில் படம்பிடித்ததாகச் சொல்லி, நிர்வாகத்திடம் காட்டிவிடுவேன் என்று மிரட்டித்தான் பாலியல் வன்கொடுமை செய்தான். கத்தியைவிட அந்தச் செல்போனைத்தான் அவன் பெரிய ஆயுதமாக நம்பினான். அந்த மாணவி மறுநாளே புகார் கொடுத்தார். ஐந்தே மாதத்தில் வழக்கு முடிந்து, 2025 ஜூன் 2 அன்று, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையை நீதிமன்றம் அறிவித்தது.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு என்றாலே கராத்தே, பெப்பர் ஸ்பிரே, செயலி என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறோம். அவை வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு உதவும் என்று கீழே விரிவாகவே பார்க்கலாம். ஆனால் இந்த இரண்டு வழக்குகளையும் உடைத்தது அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று. “என்ன ஆனாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்” என்று ஒரு பெண்ணால் முடிவெடுக்க முடிந்தது. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது, அது ஏன் பல பெண்களுக்கு வாய்ப்பதில்லை என்பதைப் பேசாமல் தற்காப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

தெரிந்தவன்தான்

இருட்டுச் சந்து, முகம் தெரியாத முரடன். தற்காப்பு என்றவுடன் நம் மனதில் ஓடுகிற படம் இதுதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரிந்தவர். சீனியர், நண்பனின் நண்பன், தூரத்து உறவு, இன்ஸ்டாகிராமில் ஆறு மாதமாக அன்பாகப் பேசியவன், புராஜெக்டில் கையெழுத்துப் போட வேண்டிய ஆசிரியர். இவர்களுக்கு எதிராகப் பையில் ஸ்பிரே இருந்தும், கை அதை நோக்கிப் போகாது. ‘ஐயோ, தப்பா நினைச்சுட்டோமோ’ என்ற தயக்கம் முந்திக்கொள்ளும். மரியாதையாக நடந்துகொள், எதிர்த்துப் பேசாதே, சத்தமாகச் சிரிக்காதே என்று 18 வருடம் பழக்கிவிட்டு, ஒரே நொடியில் அவள் பொங்கி எழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இந்தத் தயக்கத்தை உடைக்கப் பயிற்சி கொடுத்தால் பலன் இருக்குமா? இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று கனடாவில் இருந்து வந்தது. சார்லீன் சென் என்ற உளவியல் பேராசிரியர் அங்குள்ள மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவிகளை இரண்டு பிரிவாக்கி ஆய்வு செய்தார். ஒரு பிரிவுக்கு 12 மணி நேரப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பிரசுரம் மட்டும் வாங்கியவர்களில் 9.8 சதவீதம் பேர் வல்லுறவுக்கு ஆளாகியிருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் அது 5.2 சதவீதம். 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதை வெளியிட்டது. கவனிக்க வேண்டியது, அந்த 12 மணி நேரத்தில் அடி, உதை ஒரு சிறு பகுதிதான். தெரிந்தவன் எல்லை மீறத் தொடங்குவதை எப்படிச் சீக்கிரமே கண்டுகொள்வது, நட்பு கெட்டுவிடுமே என்ற தயக்கத்தை எப்படித் தாண்டுவது, தனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை எப்படி வாய்விட்டுச் சொல்வது, இவைதான் பெரும்பகுதி.

நம் கல்லூரிகளில் மகளிர் தினத்தன்று ஒரு கராத்தே மாஸ்டரை வரவழைத்து, ஓடு உடைத்துக் காட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். அதில் மாணவிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. ஒரு பருவத்துக்கு 12 மணி நேரம் ஒதுக்குவது எந்தக் கல்லூரிக்கும் பெரிய காரியமே அல்ல.

கத்தத் தெரிய வேண்டும்

ஒழுங்காக நடக்கும் தற்காப்பு வகுப்புகளில் முதலில் குத்துவதைச் சொல்லித்தர மாட்டார்கள். கத்தச் சொல்வார்கள். வயிற்றிலிருந்து, முழுக் குரலில். முதல் தடவை பெரும்பாலான பெண்களுக்குச் சத்தமே வராது. பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், வாயைக் கையால் பொத்திக்கொள்வார்கள். நாலைந்து முறை செய்த பிறகுதான் குரல் திறக்கும்.

என்ன கத்துவது என்பதும் முக்கியம். நெரிசலான பேருந்தில் ஒருவன் உரசினால், நம் பெண்கள் சத்தமில்லாமல் இடம் மாறி நிற்பார்கள். அம்மாக்கள் காலத்தில் ஊக்கால் குத்திவிடுவார்கள். அந்த ஊக்குக்கு ஒரு வணக்கம். ஆனால் அதைவிடப் பலமானது, ஆளையும் செயலையும் சேர்த்து உடைத்துச் சொல்வது: “நீலச் சட்டை, கையை எடுங்க!” அந்த நொடியில் பேருந்தே நீலச் சட்டையைத் தேடும். அதுவரை ஒளிந்திருந்தவனுக்கு ஒளிய இடமில்லை. உதவி கேட்கும்போதும் பொதுவாக “யாராவது வாங்களேன்” என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவர் போவார் என்று நிற்பார்கள். “கண்டக்டர் சார், வண்டியை நிறுத்துங்க” என்று ஒருவரைக் குறிப்பிட்டுச் சொன்னால் அவர் அசையாமல் இருக்க முடியாது. அவருக்குக் கடமையும் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளின்படி, பெண்களை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, உரசுவது போன்ற தொல்லை கொடுப்பவரை நடத்துநர் இறக்கிவிடலாம், அல்லது காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம்.

பிறகு உடல். மணிக்கட்டை ஒருவன் பிடித்தால் நேராகப் பின்னால் இழுப்பதுதான் யாருக்கும் முதலில் வரும். இழுபறியில் பலசாலிதான் ஜெயிப்பான். அவன் பிடியைக் கவனியுங்கள். நான்கு விரல்கள் ஒரு பக்கம் சேர்ந்து நிற்கின்றன, மறுபக்கம் கட்டைவிரல் தனியாக நிற்கிறது. விரல் நுனிகளும் கட்டைவிரலும் சந்திக்கும் இடம்தான் பிடியின் வாசல். உங்கள் கையைத் திருப்பி, மணிக்கட்டின் மெலிந்த விளிம்பை அந்த வாசலுக்கு நேராகக் கொண்டுவந்து, முழங்கையை அவன் பக்கமாக முன்னால் தள்ளி மடக்கினால் பிடி விட்டுப்போகும். பலத்தைவிடக் கோணம்தான் இங்கே வேலை செய்கிறது. வீட்டில் அண்ணனையோ தோழியையோ பிடிக்கச் சொல்லிப் பத்து முறை செய்து பாருங்கள், கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

அடிக்க வேண்டி வந்தால் முஷ்டி வேண்டாம். பழக்கமில்லாத முஷ்டி முதலில் தன் விரலைத்தான் உடைக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மூக்கை நோக்கி, முழங்கையால் முகத்தை நோக்கி, முழங்காலால் தொடை நடுவே. அடித்த பிறகு அங்கே நிற்கக் கூடாது. சண்டையில் ஜெயிப்பது நோக்கமே அல்ல. ஓடுவதற்கு மூன்று நொடி கிடைத்தால் போதும். சிலம்பம், டேக்வாண்டோ, ஜூடோ எதுவாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் பழகியவருக்கு உடம்பில் ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது. அது பெரிய வரம். இரண்டு நாள் முகாமில் அது வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பையில் என்ன வைத்திருக்கலாம்?

பெப்பர் ஸ்பிரே வாங்க உரிமம் தேவையில்லை. உள்ளே இருப்பது செறிவூட்டப்பட்ட மிளகாய்ச் சாறு. கண்ணில் பட்டால் இமை தானாக மூடிக்கொள்ளும், மூச்சுத் திணறும். ஆனால் எதிர்க்காற்றில் அடித்தால் அது நம் முகத்துக்கே திரும்பும். பேருந்து, லிஃப்ட் போன்ற மூடிய இடத்தில் அடித்தால் அடித்தவருக்கும் சேர்த்துத்தான். பையின் அடியில் நோட்டுகளுக்குக் கீழே கிடந்தால் எந்தப் பயனும் இல்லை. காலாவதித் தேதி டப்பாவிலேயே இருக்கும். அது தாண்டினால் அழுத்தம் குறைந்து பீய்ச்சாமல் சொட்டும். வாங்கியவுடன் திறந்த வெளியில், காற்று போகும் திசையில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட வேண்டும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது.

கத்தி வேண்டவே வேண்டாம். பயிற்சி இல்லாதவர் கையில் உள்ள கத்தி சில நொடிகளில் எதிரியின் கைக்குப் போய்விடும். சத்தமாக அலறும் சிறிய அலாரம், ஒரு விசில் இரண்டும் விலை குறைவு. பறிக்கப்பட்டாலும் நம்மைக் காயப்படுத்தாது.

செல்போனைப் பொறுத்தவரை, 112க்கு அழைப்பதுதான் அடிப்படை. பெண்களுக்கான உதவி எண் 181. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலி 2022இல் வந்தது. அதில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். இரவில் ஆட்டோவில் ஏறும்போது வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை ஒரு தோழிக்கு அனுப்பிவிட்டு, “ஏறிட்டேன்டி, வண்டி நம்பர் அனுப்பியிருக்கேன்” என்று ஓட்டுநர் காதில் விழும்படி சொல்வது இன்னும் எளிது. செயலியை இறக்கி வைத்துவிட்டு ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்களே அதிகம். ஆபத்தில் விரல் நடுங்கும்போது புதிதாக எதையும் கற்க முடியாது.

உறைந்துபோனால்?

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எதுவுமே செய்ய முடியாமல் போகலாம். குரல் வராது, கை கால் அசையாது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில், வல்லுறவுக்குப் பிறகு அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடந்த ஆய்வில், 70 சதவீதம் பேர் தாக்குதலின்போது தங்கள் உடல் மரத்து உறைந்ததாகச் சொன்னார்கள். இது மூளையின் அனிச்சைச் செயல். கராத்தே தெரிந்தவருக்கும் நேரலாம். “நீ ஏன் கத்தல?” என்று கேட்கும் உறவினருக்கும், விசாரணை அதிகாரிக்கும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து அந்தப் பெண் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது என இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவு சொல்கிறது.

எதிர்த்துத் தாக்கியவரையும் சட்டம் கைவிடவில்லை. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு, அதற்கு மேல் போகாமல், திருப்பித் தாக்க எவருக்கும் உரிமை உண்டு. பாலியல் வன்கொடுமை நோக்கத்தோடு தாக்குபவன், ஆசிட் வீசுபவன், கடத்துபவன் விஷயத்தில் அந்த உரிமை அவன் உயிர் போகும் அளவுக்கும் நீளலாம் என்கிறது அதே சட்டத்தின் 38ஆவது பிரிவு. 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில் 19 வயதுப் பெண் ஒருவரைக் கத்திமுனையில் மிரட்டினான் உறவினன் ஒருவன். அந்தக் கத்தியைப் பிடுங்கி அவர் குத்தியதில் அவன் இறந்துபோனான். அவரே காவல் நிலையம் போய்ச் சொன்னார். அன்றைய சட்டப்படி அது தற்காப்பு என்று முடிவு செய்து போலீஸ் அவரை விடுவித்தது.

‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான்

பின்தொடர்வதைக் காதல் என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறைப் பையன்களைக் கெடுத்திருக்கிறது நம் சினிமா. கதாநாயகி வெறுத்து ஒதுக்க ஒதுக்க, கதாநாயகன் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டே இருப்பான். கடைசியில் அவள் மனம் மாறுவாள். நிஜத்தில் 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில், மறுத்துவிட்டாள் என்பதற்காகக் கல்லூரி மாணவி ஒருவரை ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றான் பின்தொடர்ந்து வந்தவன். 2024 டிசம்பரில் அவனுக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. பெண்ணின் உயிர் போனது போனதுதான்.

பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு மூன்றாண்டு வரை, மறுபடி செய்தால் ஐந்தாண்டு வரை சிறை. புகார் கொடுத்தால் “பையன் எதிர்காலம் கெட்டுடும், எழுதி வாங்கிட்டு விட்டுடலாம்” என்று சமரசம் பேசுவது இன்னமும் நடக்கிறது. வேண்டாம். வழக்குப் பதியச் சொல்லுங்கள். ரசீது வாங்குங்கள். எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள நிலையத்திலேயே புகாரைப் பதிந்தாக வேண்டும். வந்த குறுஞ்செய்திகளை வெறுப்பில் அழித்துவிடாதீர்கள். அவைதான் சாட்சி.

கல்லூரிக்குள் நடந்தால் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. மூத்த பேராசிரியை ஒருவர் தலைமையில், மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளையும் சேர்த்துக்கொண்டு, 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் யுஜிசி விதி. ஆண் மாணவர்களும் திருநர் மாணவர்களும்கூட இதில் புகார் கொடுக்கலாம். உங்கள் கல்லூரியில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பையன்களுக்கு ஆபத்து வேறு முகத்தில் வருகிறது. 1996இல் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த நாவரசு, சீனியர் மாணவனால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1800 180 5522 என்ற ராகிங் எதிர்ப்பு எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. “ஆம்பளப் பையன், இதெல்லாம் தாங்கிக்கணும்” என்று வீட்டில் சொல்லும் வார்த்தை அவனை அந்த எண்ணுக்கு அழைக்கவிடாமல் தடுக்கிறது.

படத்தை வைத்து மிரட்டினால்

பணம் கொடுக்காதீர்கள், சொன்ன இடத்துக்குப் போகாதீர்கள். ஒருமுறை பணிந்தால் அவன் விட மாட்டான். பொள்ளாச்சி அதற்குச் சாட்சி. அந்தரங்கப் படம் ஒன்று சமூக ஊடகத்தில் வந்துவிட்டால், சம்பந்தப்பட்டவர் புகார் கொடுத்தால் குறித்த கெடுவுக்குள் அதை நீக்க வேண்டும் என்று 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற இலவச இணையச் சேவையும் உண்டு. படத்தை எங்கும் ஏற்றாமலே, நம் செல்போனிலேயே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்கு அந்த அடையாளத்தை மட்டும் அனுப்பி, படம் பரவாமல் தடுக்க உதவுகிறது. 18 வயது நிரம்பியவர்களுக்கானது. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயரை வெளியிடாமலும் இப்படிப்பட்ட புகாரைப் பதியலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் புகார் கொடுக்கப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்றால், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பொள்ளாச்சி வழக்கில் அரசாணையிலேயே மாணவியின் பெயரும் கல்லூரியும் வந்தன. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. இரண்டிலுமே அந்த மாணவிக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அதைக் காக்க வேண்டிய கைகளே தவறவிட்டது மன்னிக்க முடியாதது.

ஆனால் காவல் நிலையத்துக்கு முன்னால் வீடு இருக்கிறது. தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருப்பவர்களில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் சேர்கிறார்கள் என்றது 2021-22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பெண்கள் இதில் ஏராளம். தான் வாய் திறந்தால் படிப்பு நின்றுவிடும், அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்பது அவளுக்குத் தெரியும். தங்கையின் படிப்பும் சேர்ந்து நிற்கும் என்பதும் தெரியும். அதனால் தினமும் அதே பேருந்தில் அதே கையைச் சகித்துக்கொண்டு போகிறாள். மிரட்டுபவனுக்கும் இது நன்றாகத் தெரியும். “வீட்ல சொல்லிடுவேன்” என்பது அதனால்தான் அவன் வாயில் மிரட்டலாக இருக்கிறது. நியாயமாக அது அவள் வாயில் இருக்க வேண்டிய வார்த்தை.

அப்பாக்களே, அம்மாக்களே, இன்று இரவு சாப்பிடும்போது மகளிடம் இதைச் சொல்லுங்கள்: “உனக்கு என்ன நடந்தாலும், நீ எங்கே யாரோடு இருந்திருந்தாலும், முதல்ல எங்கிட்ட சொல்லு. உன் படிப்பை நிறுத்த மாட்டேன்.” மகனிடமும் சொல்லுங்கள். நாளை அவர்களில் ஒருவர் வந்து சொன்னால், சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள்.